தொட்டியடிப் பாதை

தம்பி,

இதை உன் சைக்கிள் சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். மேசையில் வைத்தால் பேப்பருக்குள் புதைந்துபோகும். சாமிப் படத்தடியில் வைத்தால் நீ அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாய். சைக்கிளை மட்டும் வேலையிலிருந்து வந்ததும் நிச்சயம் தொடுவாய். முன்பு போல நேரே நின்று கத்தலாம் என்றால், இந்தக் கிழமை முழுக்க நான் வாய் திறந்ததும் நீ பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாய். தண்ணீர் பில் ஏறியதுதான் மிச்சம். கடிதத்தின் வாயை அடைக்க உன்னிடம் குழாய் இல்லை, ராசா. ஆறுதலாக இருந்து வாசி.

விஷயம் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை மலைநாட்டு நீதிமன்றத்தில் மாரிமுத்துவின் வழக்குத் தவணை. நீ போய், இந்த மனுசன் எனக்கு உதவி செய்தவனும் இல்லை, என்னை முன்பின் அறிந்தவனும் இல்லை என்று சாட்சி சொல்லப் போகிறாய். உன்னைப் பிடித்து வைத்திருந்த அதே ஆட்கள்தான் அந்த வாசலில் நிற்பார்கள். உன் பாஸ்போர்ட்டில் அவுஸ்திரேலியா விசா குத்தியாகிவிட்டது. பேசாமல் பிளேன் ஏறினால் உன்னை ஒருவரும் தேடப் போவதில்லை என்று லோயரும் சொல்லிவிட்டார். போனால் திரும்பவும் உள்ளே தள்ள மாட்டார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நான் அழுதேன், திட்டினேன், இரண்டு நேரம் சாப்பிடாமலும் கிடந்து பார்த்தேன். நீ ஒரே வசனம்தான் சொன்னாய். "அந்தாள் என்னால உள்ளுக்கு இருக்குது அம்மா." அதற்குப் பிறகு குழாய்ச் சத்தம்தான்.

இந்தச் சைக்கிள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் முதன்முதலாக நீ வாங்கிய பெரிய சாமான். மூன்றாம் மாடிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி வந்தாய். கரியர் இல்லை, மட்கார்ட் இல்லை, பெல் கூட இல்லை, டயர் மட்டும் லொறிக்குப் போடுவது போலப் பெரிது. "இதில ஒரு இறாத்தல் பாண் கூட வைச்சுக்கொண்டு வரேலாதே" என்றேன். நீயும் நுவனும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். உன் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன், காலியில் பிறந்த சிங்களப் பையன், அவனிடமும் இதே போல ஒன்று இருந்தது. பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தால் போதும், இரண்டு பேரும் சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்குப் போய்விடுவீர்கள். அங்கிருந்து தார் ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் இறங்கும் பாதை, கொழுந்து லொறி போகும் பாதை, ஆட்கள் விறகுக்குப் போகும் பாதை என்று எங்கெங்கோ திரிந்து, முழங்காலில் தோல் உரிந்து, திங்கட்கிழமை வேலைக்கு நொண்டிக்கொண்டு போவாய். "ரோடு இருக்கேக்க ஏனடா கல்லுக்குள்ள ஓடுறாய்?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். "உங்களுக்கு விளங்காது அம்மா" என்பாய். ஒருநாள் மட்டும், புட்டைக் குழைத்துக்கொண்டே, விளங்கப்படுத்தப் பார்த்தாய். பள்ளத்தில் இறங்கும்போது உடம்பைப் பின்னுக்குத் தள்ளவேண்டுமாம், பிரேக்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாதாம். "கல்லைப் பாத்தால் நேரே கல்லிலதான் போய் ஏறுவம். போகவேண்டிய இடத்தைப் பாத்துக்கொண்டு ஓடோணும்." அந்த நேரம் உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு காணவில்லை.

நம் வீட்டில் வெளியே போனால் வாய் திறப்பதில்லை என்று ஒரு பழக்கம். அது எப்படி வந்தது என்று நீ கேட்டதும் இல்லை, நான் இருத்திச் சொன்னதும் இல்லை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் நீ இடுப்புப் பிள்ளை. வெள்ளவத்தையில் எங்கள் லேனுக்குள் புகை ஏறியபோது, ஹெவ்லொக் டவுனில் அப்பாவோடு வேலை செய்த ஒரு சிங்கள மனுசர் வீட்டுக்கு நடந்தோம். அப்பா முன்னால், ஒரு தெரியாத ஆள் போல. நான் பின்னால் உன்னைத் தூக்கிக்கொண்டு. என் பொட்டை அழித்து, தாலியை ரவிக்கைக்குள் விட்டிருந்தேன். சந்தியில் காடையர் தடியும் பெற்றோல் கானுமாக நின்றார்கள். அவர்களைத் தாண்டும்போது நீ அப்பாவைக் கண்டு "அப்பா" என்று கூப்பிட வாயைத் திறந்தாய். உன் வாயைப் பொத்தினேன். மூக்கையும் சேர்த்துப் பொத்தியது எனக்குத் தெரியாது. அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பிய பிறகுதான் கையை எடுத்தேன். உன் உதடு நீலமாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். வாசல்படி தாண்டினால் தமிழ் இல்லை. அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றால் சட்டைக் கையைப் பிடித்து இழு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடி உனக்குச் சிங்களம் சொந்த பாஷை மாதிரி வந்துவிட்டது, எனக்கும் பெருமைதான். பஸ்ஸில் கொண்டக்டரோடு நீ கதைக்கும் சிங்களத்தைக் கேட்டு, "உங்கட மகன் சரியான கெட்டிக்காரன்" என்று ஒரு மனுசி சிங்களத்தில் என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டு இருந்தேன்.

புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நீ தொலைந்தது ஞாபகமா? பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம். அப்பா வத்தளை பஸ் விசாரிக்கப் போனார், நீ அவர் பின்னால் போவதாக நினைத்து வேறு ஒருவரின் பின்னால் போய்விட்டாய். நாங்கள் இரண்டு பேரும் பைத்தியம் பிடித்தவர்கள் போல ஓடித் திரிந்தோம், அதுவும் வாய் திறக்காமல், உன் பேரைச் சொல்லிக் கூப்பிடாமல். கடைசியில் ஒரு பழக்கடைக்குப் பக்கத்தில் நின்றாய். ஒரு முன்பின் தெரியாத மனுசரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் ஒழுக, ஒரு சத்தமும் இல்லாமல். அப்பா உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். நானோ, பிள்ளை சட்டத்தை மறக்கவில்லை என்று நினைத்தேன். அப்பா கண்மூடும்வரை அந்த நாளைப் பற்றி என்னோடு கதைக்கவே இல்லை.

அந்தச் சட்டம்தான் அந்த மலையில் உன்னோடு கூட வந்தது. நுவனுடைய டியூப் ஓட்டையாகி அவன் மேலே நின்று ஒட்டிக்கொண்டிருந்தான். நீ முன்னால் இறங்கிப் போய், அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நின்று பார்த்திருக்கிறாய். தொட்டிக் காவல்காரன் வந்தான். அவன்தான் மாரிமுத்து. "யாருங்க, எங்க போறீங்க?" என்று தமிழில்தான் கேட்டான். நீ சிங்களத்தில், "நிகங், பலன்ன ஆவே" என்றாய். சும்மா பார்க்க வந்தேன் என்று. நினைத்துச் சொன்னதில்லை என்று என்னிடம் பிறகு சொன்னாய். ரோட்டில் யாரோ கேட்டால் வாயில் வருவது அதுதான். அவன் திரும்பவும் தமிழில் கேட்டான், நீ திரும்பவும் சிங்களத்தில் சொல்லிவிட்டு, சிரித்துக் கையைக் காட்டிவிட்டுக் கீழே இறங்கினாய். அவன் ஓடிப்போய்க் கணக்கப்பிள்ளையிடம் சொன்னான், கணக்கப்பிள்ளை ஒபிஸுக்குச் சொன்னார், நீ தார் ரோட்டில் ஏறும் இடத்தில் பொலிஸ் ஜீப் நின்றது. அடையாள அட்டை ஐ.சி.யை வாங்கிப் பார்த்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம், உன்னைப் பெற நான் போயிருந்த ஊர். தமிழ் தெரியாதவன் போல நடித்த யாழ்ப்பாணத்துப் பெடியன், குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். நஞ்சு கலக்க வந்தவன் என்று எழுத அவர்களுக்கு இனி என்ன வேண்டும்?

உள்ளே உன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரு கேள்வி என்றாய். ரோடு இருக்கும்போது ஏன் அந்தக் கல்லுப் பாதையால் வந்தாய்? அது என்னுடைய கேள்வி. நான் புட்டோடு கேட்டதை அவர்கள் குழாய்க்கட்டையோடு கேட்டார்கள். விருப்பத்துக்கு வந்தேன் என்று நீ சொல்லச் சொல்ல அடி கூடியது. தமிழனுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கும், அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்தெழும்புவான் என்று நம்புவதற்கு அங்கே ஒருத்தரும் இல்லை. நானே நம்பவில்லையே.

உனக்காக நான் அலையாத இடமில்லை. அதைத் திரும்பச் சொல்லி உன்னைக் கரைக்கப் பார்க்கவில்லை. ஆனால் நான் மாரிமுத்துவைத் தேடிப்போன நாளை நீ முழுதாகக் கேட்கவேண்டும், இதுவரை அரைகுறையாகத்தான் கேட்டாய். நுவன்தான் கூட்டிக்கொண்டு போனான். தோட்டத்து வாசலால் வெளியாட்களை விடமாட்டார்கள், ஆகவே நீங்கள் ஓடிய பாதையால்தான் இறங்கினோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நுவனின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்தேன். மழை பெய்து விட்டிருந்தது. மண் சிவப்புச் சேறு, வளைவுக்கு வளைவு தண்ணீர் குறுக்கே ஓடியது. "ஆன்ட்டி, இந்த இடத்திலதான் அவன் எப்பவும் கத்துவான்" என்று நுவன் சிங்களத்தில் சொன்னான். என்னவென்று கத்துவான் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சும்மா ஓவென்று, சந்தோசத்தில், என்றான். நிமிர்ந்து பார்த்தேன். கீழே மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை, கடைசியில் எது மலை எது வானம் என்று தெரியவில்லை. என் பிள்ளை வாய் திறந்து கத்துவதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்திருக்கிறது. அந்தச் சேற்றுக்குள் குந்தியிருந்து அழுதேன், அந்தப் பெடியன் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எங்களைக் கண்டதும் லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். நுவன் சிங்களத்தில் ஏதோ விசாரிக்கப் போனான், நான் அவன் கையைப் பிடித்து நிற்பாட்டினேன். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக ஒரு ரோட்டில் நின்று தமிழில் சத்தம் போட்டேன். "நான் அந்தப் பிள்ளையின்ர தாய். ஆரும் பயப்பட வேண்டாம்." ஒரு கதவு திறந்தது. மாரிமுத்து வெளியே வந்தான். உன் அப்பாவின் வயது இருக்கும், காதில் மப்ளர் சுற்றியிருந்தான். நான் அவனைச் சபிக்கத்தான் போனேன், தம்பி, வழி முழுக்க அதற்கான சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன்.

"தமிழ்ப் புள்ளைன்னு தெரியாதுங்கம்மா," என்றான். "தமிழ்ல ஒரு வார்த்த பேசியிருந்தா டீத்தண்ணி குடுத்து வழி காட்டி விட்டிருப்பேங்க. சிங்களத்துல பேசுனாரு. போன மழக்காலத்துல இப்பிடித்தான் ரெண்டு பேரு வந்து சிங்களத்துல வழி கேட்டாங்க. மறுநாளு மேல்லயத்துப் பையன வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. இன்னும் வரல. அந்தாளுங்கன்னு நெனச்சிட்டேங்க. எம்புள்ளைங்களத் தூக்க வந்தாங்கன்னு நெனச்சிட்டேங்க."

அவனுடைய மனைவி செல்லம்மா உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தந்தாள். உனக்குக் கொடுத்திருக்கவேண்டிய தேத்தண்ணியை நான் குடித்தேன். பிறகு, வந்து பொலிஸில் ஒரு வார்த்தை சொல்லுங்கோ, பிள்ளை தொட்டியைத் தொடவில்லை, நின்று மலையைத்தான் பார்த்தான் என்று சொல்லுங்கோ என்று கேட்டேன். செல்லம்மா அவன் கையைப் பிடித்து, "வேணாங்க, போகாதீங்க" என்றாள். நான் அவள் காலில் விழப் போனேன். தாய் காலில் விழ வந்தால் யார்தான் மறுப்பார்கள்? அவன் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்தான்.

பொலிஸில் அவன் சொன்னதைக் கேட்டார்கள். அன்றைக்குத் தெரியாத ஆள் என்றாய், இன்றைக்கு நல்ல பிள்ளை என்கிறாய், நடுவில் யார் வந்து சொல்லித் தந்தது, கொழும்புக்காரியோடு உனக்கு என்ன பழக்கம் என்று கேட்டார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம் வரை வெளியே மர வாங்கில் இருந்தோம், அவன் வெளியே வரவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று நுவன் என்னை எழுப்பினான். நான் எழும்பி வந்துவிட்டேன். செல்லம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை. மேலே ஏறிப் போய் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ வந்துவிட்டாய். லோயர் ஓடியோடி, உன் அலுவலகத்து ஆட்கள் கடிதம் கொடுத்து, ஒருநாள் காலையில் உன்னை விட்டார்கள். மெலிந்து, ஒரு காது கேளாமல் வந்தாய். சைக்கிளை நுவன் மீட்டுக்கொண்டு வந்து பல்கனியில் வைத்தான், நீ அதன் மேல் என் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடினாய். இந்த உப்புக் காற்றில் செயின் கறள் கட்டியது. எனக்குச் சந்தோசம்தான். இனி பிளேனில் ஏற்றிவிட்டால் சரி என்று இருந்தேன். மாரிமுத்துவுக்கு என் லோயரையே பேசிவிட்டேன், நுவன் கையில் மாவும் சீனியும் செல்லம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன், அத்தோடு என் கடமை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன ஞாயிறு நுவன் திரும்பிவந்து, நம் சாப்பாட்டு மேசையில் இருந்து, செல்லம்மா கேட்டதைத் தன் கொச்சைத் தமிழில் அப்படியே சொன்னான். "அந்தம்மா புள்ள வந்துட்டாரா? நல்லதுங்க. எங்க வூட்டுக்காரரு எப்ப வருவாருன்னு அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க." நீ சோற்றுக் கையைக் கழுவினாய். பிறகு எழும்பிப் போய் அந்த விரிப்பை இழுத்தாய். அன்றிலிருந்து பல்கனியில் சில்லுச் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் உன்னைத் திட்டினேன். பஸ்ஸில் போகாமல் எதற்குச் சைக்கிள் என்று கேட்டபோது, நான் எந்தப் பாதையால் வந்தேனோ அதே பாதையால்தான் மாரிமுத்துவின் வாசலுக்குப் போகவேண்டும் என்றாய். விசரன் என்றேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

வாயைப் பொத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நன்றாகக் கேட்டுக்கொள். அந்தச் சந்தியில் நீ "அப்பா" என்று கூப்பிட்டிருந்தால் மூன்று பேரும் ரோட்டில் எரிந்திருப்போம். இன்னொரு தரம் அப்படி வந்தாலும் பொத்துவேன். ஆனால் சந்தியைத் தாண்டிய பிறகும் கையை எடுக்காமல் வைத்திருந்துவிட்டேன், ராசா. எங்கள் சனத்தைக் கண்டால் கூட வாய் திறக்கத் தெரியாத பிள்ளையாக உன்னை வளர்த்து, அந்தப் பிள்ளையைக் கண்டு ஒரு ஏழை மனுசன் பயந்து, இப்போது அவன் உள்ளே இருக்கிறான். இந்தக் கிழமை முழுக்க நான் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போகவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். எனக்குப் பயம் போகவில்லை.

ஆகவே நான் முந்திப் போகிறேன். நீ வேலையிலிருந்து வரும்போது நான் ரயிலில் இருப்பேன். இன்றைக்குச் செல்லம்மா வீட்டில் படுக்கை. அவள் என்னை உள்ளே எடுத்தால். எடுக்காவிட்டால் வாசலில் இருப்பேன், அவளிடம் சொல்லாமல் எழும்பி ஓடியவள் நான்தானே. வெள்ளிக்கிழமை கோர்ட்டில் நீ மட்டும் ஏறமாட்டாய். அவனைக் கூட்டிக்கொண்டு போனவள் நான், நீ சாட்சி என்றால் நானும் சாட்சி. பிடிப்பதென்றால் தாயையும் சேர்த்துப் பிடிக்கட்டும்.

குசினியில் இடியப்பம் மூடி வைத்திருக்கிறேன், சம்பல் பிரிட்ஜில். ஐ.சி.யையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் பைக்குள் வைக்காதே, சேர்ட் பொக்கெட்டில் வை, பைக்குள் கை விட்டால் சுடுவான்கள். நுவனை விட்டு முன்னால் போகாதே, அவனுக்கு டியூப் போனால் நீயும் நில். சந்தியில் செக்பொயின்ட் இருந்தால் அதைச் சுற்றிப் போகாதே, இறங்கித் தள்ளிக்கொண்டு போ. ஏன் இந்தப் பாதை என்று கேட்டால் விருப்பம் என்றே சொல். வேறு காரணம் தேடாதே, உன்னிடம் வேறு காரணம் இல்லை.

தொட்டியடி வளைவுக்கு வந்ததும் நில். அங்கிருந்து பார்த்தால் கீழே லயம் தெரியும். வாசலில் நான் நிற்பேன், மாரிமுத்துவின் பிள்ளைகளும் நிற்கும். சைக்கிளைக் கண்டதும் அதுகள் உள்ளே ஓடப் பார்க்கும், கதவுகள் சாத்தத் தொடங்கும். அதற்கு முதல் கூப்பிடு. அம்மா என்று மட்டும் கூப்பிட்டால் காணாது, சிங்களப் பிள்ளைகளும் தாயை அப்படித்தான் கூப்பிடும். "அம்மா, நான் வந்திட்டன்" என்று முழுதாக, அந்த லயம் முழுக்கக் கேட்கக் கத்து. சட்டைக் கையைப் பிடித்து இழுக்க எட்டாத தூரத்தில்தான் நான் நிற்பேன்.